'மச்சூக்கா' படத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிடுவது எப்படி

அரசியல் மோதலுக்கு நடுவே வளர்கிற பிள்ளைகளைப் பற்றி நல்ல படங்கள் நிறைய உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் ஒன்றே ஒன்றைக் காட்டலாம் என்றால், நான் யோசிக்காமல் சிலி நாட்டுப் படமான 'மச்சூக்கா'வை எடுப்பேன். 2004இல் வந்தது. இயக்குநர் ஆந்த்ரேஸ் வூட். நான் வரலாற்று ஆசிரியை. எங்கள் பள்ளியின் திரைப்பட மன்றமும் என் தலையில்தான். அரசு உதவி பெறும் பள்ளி, சிறிய ஊர், ஆய்வகத்தில் ஒரு புரொஜெக்டர். இந்த வசதியை வைத்துக்கொண்டு இந்தப் படத்தை எப்படிக் காட்டலாம் என்று கேட்கிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதை 1973இல், சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் நடக்கிறது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி. அதன் தலைமைப் பாதிரியார் மெக்கென்ரோ, பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து சில பையன்களைக் கூட்டிவந்து அதே வகுப்பில் உட்காரவைக்கிறார். அவர்களில் ஒருவன் பெத்ரோ மச்சூக்கா. வசதியான வீட்டுப் பையன் கொன்சாலோ அவனுக்கு நண்பனாகிறான். மச்சூக்காவின் குடியிருப்பில் இருக்கும் சில்வானா என்ற பெண்ணும் இவர்களோடு சேர்கிறாள். அந்த வருடம் செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. கதை அவ்வளவுதான். இது முழுக்கக் கற்பனையும் இல்லை. சாந்தியாகோவில் செயிண்ட் ஜார்ஜஸ் என்ற பள்ளி இருக்கிறது. அதன் தலைவராக இருந்த ஜெரார்டோ வீலன் என்ற பாதிரியார் அங்கே இதைச் செய்துபார்த்தார். படம் அவருக்குத்தான் காணிக்கை. இயக்குநரும் சிறுவயதில் அந்தப் பள்ளியில் படித்தவர். குடிசைப் பையன்கள் முதல்முதலாக வகுப்புக்குள் வரும் காட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரரின் கண் தெரிகிறதென்றால் காரணம் அதுதான். யார் எந்தப் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள், யார் விடவில்லை என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் நீங்கள் தனியாக முழுப் படத்தையும் பாருங்கள். யாரோ நல்ல படம் என்று சொன்னார்கள் என்று நேராக வகுப்பில் போட்டுவிடாதீர்கள். இதில் கெட்ட வார்த்தைகள் உண்டு. கொன்சாலோவின் அம்மாவுக்கு வேறொருவருடன் தொடர்பு இருக்கிறது, பையனுக்கும் அது தெரியும். மூன்று பிள்ளைகளும் ஆற்றோரம் உட்கார்ந்து ஒரு டின் பாலைப் பகிர்ந்து குடிக்கும் காட்சியில் முத்தம் வருகிறது. கடைசிப் பகுதியில் ஒரு சிறுமி சுடப்பட்டுச் சாகிறாள். இவை எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே, நேரில், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். படம் ஓடும்போது பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வர, சரியாக அந்த நேரம் பார்த்து முத்தக் காட்சி ஓட, அடுத்த வருடம் திரைப்பட மன்றமே இருக்காது.

'அரசியல் படமா டீச்சர்?' என்று கண்டிப்பாகக் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் புரட்சியும் உலகப் போரும் பனிப்போரும் நடத்துகிறோம், இது பனிப்போர்ப் பாடத்தின் தொடர்ச்சி என்றால் பெரும்பாலும் கையெழுத்து விழுந்துவிடும். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு வேறு படம் இருக்கிறது. 1970 உலகக்கோப்பைக் கால்பந்து நடக்கும்போது, ராணுவ ஆட்சிக்குப் பயந்து பெற்றோர் தலைமறைவாகிவிட, தாத்தா வீட்டுக்கு வந்துசேர்கிற பையனைப் பற்றிக் காவ் ஹாம்பர்கர் 2006இல் எடுத்த பிரேசில் படம். அதில் வன்முறை பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடும்.

அனுமதி பற்றி இரண்டு வார்த்தை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பள்ளிச் செயல்பாட்டின் பகுதியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்று பள்ளியோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்த்தால் படம் திரையிடலாம். ஊர்ப் பொது நூலகத்தில் போஸ்டர் ஒட்டி எல்லோரையும் கூப்பிட்டால் இந்த விலக்கு பொருந்தாது. உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். படத்தை முறையாக வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துங்கள். களவாடிய கோப்பில் சப்டைட்டில் எப்போதும் இரண்டு நொடி தள்ளித்தான் வரும், அந்த எரிச்சல் வேறு.

அடுத்து மொழி. படம் ஸ்பானிய மொழியில் இருக்கிறது, ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் படிக்க வராது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, முக்கியமான பேச்சை மட்டும் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது. இது வேண்டாம் என்பேன். நம் குரல் படத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும், பிள்ளைகள் திரையை விட்டு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, தமிழ் சப்டைட்டில் நாமே செய்வது. பயப்பட வேண்டாம். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஆங்கில வரிகளைத் திறந்து, நேரக் குறியீட்டைத் தொடாமல், வரிக்கு வரி தமிழை ஏற்றிக்கொண்டே போகலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் அவர்களே படத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொள்வார்கள். திரையிடும் அன்று பேச்சைத் தொடங்கிவைக்கவும் ஆள் இருக்கும்.

இதில் தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு. தமிழ் வரி நீளும். ஆங்கிலத்தில் ஆறு வார்த்தையில் முடிகிற வாக்கியம் தமிழில் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள். வெட்டுங்கள். பேசுகிறவர் கோபமாக இருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது, அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தில் (encoding) யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும். படம் ஓட்டுகிற வி.எல்.சி. மென்பொருளில் எழுத்துரு அமைப்புக்குள் போய் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' அல்லது 'நிர்மலா' வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பு ஓரம் கொடுங்கள். 'கொ', 'பெ' போன்ற எழுத்துகளில் கொம்பு சரியான இடத்தில் விழுகிறதா என்று பள்ளிக் கணினியிலேயே பாருங்கள். வீட்டு மடிக்கணினியில் நன்றாகத் தெரிந்தது ஆய்வகத்தில் தெரியும் என்று நம்ப முடியாது.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒலிபெருக்கி திரைக்குப் பக்கத்தில், மின்விசிறி நடுத்தர வேகத்தில். சனிக்கிழமை காலை நல்லது. படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பேச்சுக்கு இன்னொரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டாதீர்கள். இடைவேளை வேண்டுமென்றால் நிமிடத்தைப் பார்த்து நிறுத்தாமல், குடித்துவிட்டு வரும் மச்சூக்காவின் அப்பா பேசி முடித்ததும் நிறுத்துங்கள். உன் நண்பன் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பான், பத்து வருடத்தில் எங்கே இருப்பான், நீ எங்கே இருப்பாய் என்று அந்த மனுஷன் மகனிடம் கணக்குப் போட்டுச் சொல்வார். கணக்கில் நண்பன் பல்கலைக்கழகம், அப்பாவின் கம்பெனி என்று ஏறிக்கொண்டே போவான். மகன் ஒவ்வொரு முறையும் கக்கூஸ் கழுவிக்கொண்டேதான் இருப்பான். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் சுண்டல் சாப்பிடப் போகட்டும். அவர்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உங்களுக்கு உதவும்.

வரலாறு எவ்வளவு சொல்வது? நான் வரலாறு எடுக்கிறவள், வாய் நிற்காது. ஆனால் இந்த இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. கரும்பலகையில் நாலு வருடங்களை எழுதினால் போதும். 1970: சால்வடார் அலெண்டே என்ற சோஷலிஸ்ட் தேர்தலில் வென்று அதிபராகிறார், மும்முனைப் போட்டி, அவருக்கு விழுந்தது நூற்றுக்கு 36 ஓட்டுதான். நாட்டில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம் இருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இருக்க இந்த எண் அவசியம். 1972: அமெரிக்கா கடன் தருவதை ஏற்கெனவே பெருமளவு நிறுத்திவிட்டது, லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், கடைகளில் சாமான் இல்லை, விலைவாசி எகிறுகிறது. 1973: செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை, அதிபர் மாளிகையின் மேல் சிலியின் சொந்த விமானப்படையே குண்டு போடுகிறது; அலெண்டே உள்ளேயே இறக்கிறார்; ஜெனரல் பினோசே ஆட்சிக்கு வருகிறார். 1990: பினோசே பதவி விலகுகிறார். இடையிலுள்ள 17 வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமலாக்கப்பட்டார்கள்.

செப்டம்பர் 11 என்றதும் ஒரு பையன் கட்டாயம் 'ட்வின் டவர்தானே மிஸ்?' என்பான். இது வேற செப்டம்பர் பதினொன்றுடா, அதற்கு 28 வருடம் முந்தியது என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் பிள்ளைகள் படத்தில் அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கொன்சாலோவுக்கு எதுவும் முழுதாகப் புரியவில்லை. பார்க்கிறவர்களுக்கும் அவன் உயரத்திலிருந்து தெரிகிற அளவு தெரிந்தால் போதும்.

படம் ஓடும்போது நிறுத்தி விளக்கம் சொல்லவே வேண்டாம். முத்தக் காட்சியில் சிரிப்பும் விசிலும் வரும். வரட்டும். ரிமோட்டைக் கையில் எடுத்தால்தான் அது பெரிய விஷயமாகும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு முன்னேற்பாடு உண்டு. எங்கள் பள்ளியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ராணுவம் குடியிருப்புக்குள் நுழைகிற காட்சி மற்ற பிள்ளைகளுக்குச் சினிமா. இவர்களுக்கு அது வீட்டில் பெரியவர்கள் பாதி சொல்லிப் பாதியில் நிறுத்திவிடுகிற கதையாக இருக்கலாம். முதல் நாளே அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசியில் இப்படி ஒரு காட்சி வரும், பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் கேட்காமல் எழுந்து போகலாம் என்று சொல்லிவையுங்கள். கதவோர நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். பேச்சின்போது 'உங்க அனுபவத்தைச் சொல்லும்மா' என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்டுவிடாதீர்கள்.

தனியார் பள்ளியில் திரையிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பாதிரியார் மெக்கென்ரோ செய்ததும் அந்தச் சட்டம் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான், வகுப்பில் எல்லோருக்கும் அது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். புரிந்த பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரு பக்கமாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. முதல் வேலையாக நீங்கள் திரும்பாமல் இருங்கள்.

சரி, படம் முடிந்தது. உடனே 'என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டால் 'நட்பு முக்கியம் மிஸ்', 'போர் வேண்டாம் மிஸ்' என்று நாலு பதில் வரும், எல்லாம் பரீட்சைக்கு எழுதுகிற பதில். நான் பொருள்களைப் பற்றிக் கேட்பேன். பையன்கள் கருத்து சொல்லக் கூச்சப்படுவார்கள். பொருளைப் பற்றிக் கேட்டால் தடையில்லாமல் பேசுவார்கள்.

கொடியில் ஆரம்பியுங்கள். சில்வானாவின் அப்பா ஊர்வலங்களில் கொடி விற்பவர். இடதுசாரி ஊர்வலத்தில் அவர்கள் கொடி, எதிர்க்கட்சிக்காரர்கள் ஊர்வலத்தில் அவர்களுக்கு வேண்டிய கொடி. பிள்ளைகளும் கூடப்போய் விற்கிறார்கள், இரண்டு கூட்டத்திலும் கோஷத்துக்கு ஏற்றபடி குதிக்கிறார்கள். 'இந்தக் கொடியை விற்கிறவங்க எந்தக் கட்சி?' என்று கேளுங்கள். எங்கள் ஊரில் தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக் கொடியும் ஒரே கடையில் தொங்குவதைப் பார்த்த பிள்ளைகள் ரொம்ப சாதாரணமாகப் பதில் சொல்வார்கள்: வியாபாரம் மிஸ். அப்புறம், சில்வானா எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவள் விற்பது இரண்டையும், ஆனால் கோபம் ஒரு பக்கத்தின் மேல்தான். இங்கே வகுப்பு சூடாகும். பசிக்காக விற்பதும் நம்பிக்கையும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும்.

அடுத்து அந்த டின் பால். இங்கே ஒரே ஒரு தகவலைச் சேர்ப்பேன். அலெண்டே அரசு அறிவித்த முதல் 40 நடவடிக்கைகளில் ஒன்று, சிலியின் ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதே சமயம் கடையில் சாமான் கிடைக்காமல் வரிசையில் நிற்கிறார்கள், கொன்சாலோ வீட்டுக்கு மட்டும் பின்வாசல் வழியாகக் கிடைக்கிறது. பால் தருவதாகச் சொன்ன அரசின் காலத்தில் ஏன் பால் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்கும். கரும்பலகையில் எழுதிய 1972ஐக் காட்டுங்கள். பதுக்கலும் உண்டு, அரசின் விலைக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் பிழையும் உண்டு, வெளியிலிருந்து வந்த நெருக்கடியும் உண்டு என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெற்றோர் கூட்டக் காட்சியை நேரம் இருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். பணக்காரப் பெற்றோர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது மச்சூக்காவின் அம்மா எழுந்து, தன் சின்ன வயதில் பண்ணையில் எது நடந்தாலும் பழி தங்கள் வீட்டின் மேலேயே விழுந்ததைச் சொல்கிறார். எப்போதுதான் இது மாறும் என்று கேட்கிறார். நம் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் போகிற அம்மாக்களை நினைத்துக்கொண்டு நான் இந்தக் காட்சியைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அவர்களில் பலர் அந்த அம்மாக்களின் பிள்ளைகள்.

கடைசியாக ஷூ. இந்தப் படமே இங்கேதான் இருக்கிறது, நேரத்தை இதற்காகவே மிச்சம் வையுங்கள். ராணுவம் குடியிருப்பைச் சூறையாடும்போது கொன்சாலோ அங்கே இருக்கிறான். அப்பாவைச் சிப்பாய்கள் அடிக்க, சில்வானா அவர்மேல் விழுந்து மறைக்க, அவளைச் சுட்டுவிடுகிறார்கள். கொன்சாலோவையும் ஒரு சிப்பாய் பிடிக்கிறான். நான் இந்த இடத்து ஆள் இல்லை, என்னைப் பார் என்கிறான் பையன். சிப்பாய் பார்க்கிறான். வெள்ளைத் தோல், முகத்தில் புள்ளிகள், காலில் அடிடாஸ். விட்டுவிடுகிறான். மச்சூக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, கொன்சாலோவின் ஷூவையும் மச்சூக்காவின் காலில் இருந்ததையும் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அடிடாஸின் மூன்று கோட்டை எல்லோரும் போட்டுவிடுவார்கள். மச்சூக்காவின் காலில் என்ன இருந்தது என்று யாருக்கும் நினைவு வராது. பென்சிலை வைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் தாளை எட்டிப்பார்ப்பார்கள். அங்கேயும் காலியாக இருக்கும். அப்போது ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணே கேட்டாள்: 'அவன் காலை நாம பார்க்கவே இல்லையே மிஸ்?'

அதன் பிறகு 'கொன்சாலோ என்ன செய்திருக்கணும்?' என்ற கேள்வி தானாக வரும். ஒரு பாதி அவனைத் துரோகி என்னும். இன்னொரு பாதி, அங்கேயே நின்றிருந்தால் அவனும் செத்திருப்பான், யாருக்கு லாபம் என்னும். தீர்ப்புச் சொல்லச் சொல்லி உங்களைப் பார்ப்பார்கள். சொல்லாதீர்கள். அவன் வயது பதினொன்று, பன்னிரண்டு என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள். அப்புறம் அவர்களே, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்ற பக்கம் போவார்கள்: அம்மா யாரோடு போனாள், அப்பா எங்கே போனார், பாதிரியார் என்ன செய்தார். பள்ளியை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு மெக்கென்ரோ தேவாலயத்துக்குள் வந்து, அங்கேயிருக்கும் அப்பம் முழுவதையும் தானே தின்று முடித்து, விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுகிற காட்சி கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்கு அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். நாம் சொல்வதை விட நன்றாகச் சொல்கிறார்கள். மச்சூக்கா முதல் ஆளாக எழுந்து நின்று அவருக்கு விடை கொடுப்பதையும் யாராவது கண்டிப்பாக எடுத்துச் சொல்வார்கள்.

பேசாமலே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இழுக்க வேண்டாம். வரைந்த தாளின் பின்பக்கம் விருப்பப்பட்டால் எழுதட்டும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி பஸ் இருந்தால் ஒன்றே காலுக்கு முடித்துவிடுங்கள். பாதியில் நிற்கிற சண்டையைப் பஸ்ஸில் தொடர்ந்துகொள்வார்கள்.